பெடல் நிற்காத சைக்கிள்

பட்டறையில் அவனுக்குக் கழட்டி என்று பெயர். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அடையாள அட்டையில் பத்திரமாக இருந்தது, அதை யாரும் தொந்தரவு செய்வதில்லை. கையில் ஒரு ஸ்க்ரூ டிரைவர் அகப்பட்டால் எதையாவது கழற்றாமல் அவனால் இருக்க முடியாது. சுவர்க் கடிகாரம், மேசை விசிறி, அடுத்த வீட்டுக்காரரின் ரேடியோ, ஒருமுறை பல் டாக்டரிடம் காத்திருந்தபோது அவருடைய நாற்காலியின் கைப்பிடி. திரும்ப மாட்டும்போது ஒன்றிரண்டு திருகு மிச்சப்படும். "அது கம்பெனிக்காரன் தெரியாம சேத்துப் போட்டது" என்பான். அப்படியும் பொருள் ஓடும், அதுதான் வேடிக்கை. ஒருமுறையாவது ஓடாமல் போயிருந்தால் மனிதனுக்குத் தலைக்கனம் இவ்வளவு ஏறியிருக்காது என்பது என் கட்சி.

அவன் வேலை பார்த்தது லேத் பட்டறையில். சுழலும் இரும்பில் உளியை வைத்துச் சீவி, வேண்டிய அளவுக்குக் கடைந்து கொடுப்பது வேலை. ஒரு தாளின் கனத்துக்குத் தேய்ந்திருந்தாலும் விரலால் தடவிச் சொல்லிவிடுவான். எந்த இயந்திரத்தின் உறுப்பைக் கொண்டுவந்து கொடுத்தாலும், அதை யார் எப்படி ஓட்டிக் கெடுத்தார்கள் என்று ஜாதகம் கணித்த மாதிரி சொல்வான். மற்றவர்கள் வேலையை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அப்படிப்பட்ட கண்ணை வைத்துக்கொண்டு அவன் எதைப் பார்க்கவில்லை என்பதுதான் இந்தக் கதை.

விடுமுறை நாட்களில் அவனுக்குச் சைக்கிள் பைத்தியம். கியர் கியரென்று உலகம் அலைகிற காலத்தில், கியரே இல்லாத பழைய இரும்புச் சைக்கிள்களை எங்கிருந்தாவது தேடிக் கொண்டுவருவான். மட்கார்டு, கேரியர், செயின் கவர், ஸ்டாண்டு எல்லாம் போய்விடும். துருவைச் சுரண்டி, ரிம்மில் கோட்டம் எடுத்து, ஹேண்டில்பாரைத் தலைகீழாகத் திருப்பி, புதுப் பெயின்ட் அடித்து நிறுத்தினால், கிழவியாக வந்தது குமரியாக நிற்கும். எடை குறையக் குறைய அவன் முகம் மலரும்.

கடைசியாகப் பின்சக்கரத்துக்கு வருவான். சாதாரண சைக்கிளில் அங்கே ஃப்ரீவீல் இருக்கும். நாம் மிதிப்பதை நிறுத்தினாலும் சக்கரம் டிக் டிக் என்று தன்பாட்டுக்கு ஓடும். பெடலைப் பின்பக்கமாகச் சுற்றினாலும் வண்டிக்கு ஒன்றும் ஆகாது. கழட்டி அந்த ஃப்ரீவீலைக் கழற்றி எறிந்துவிட்டு, தானே லேத்தில் கடைந்த பல்சக்கரத்தை அந்த இடத்தில் அசையாமல் பூட்டிவிடுவான். அதன்பின் சக்கரம் ஓடுகிறவரை பெடலும் ஓடும். பெடல் ஓடினால் காலும் ஓடித்தான் ஆகவேண்டும். இதில் என்ன சுகம் என்று கேட்டால், "ஓட்டிப் பாருங்க, வண்டி ஒடம்போட ஒட்டிக்கும்" என்பான். அவனைப் போலவே நட்டு கழன்ற நாலு பேர் சேர்ந்து ஒரு கும்பல் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊருக்கு வெளியே உள்ள சாலையில் கூடி, ஒருவர் சைக்கிளை ஒருவர் தூக்கிப் பார்த்து, "லேசா இருக்கே" என்று சொல்லிக்கொண்டு திரும்புவார்கள்.

அவன் மனைவியிடமும் ஒரு இரும்புச் சைக்கிள் இருந்தது. அவள் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தாள். மற்ற ஊழியர்கள் ஸ்கூட்டரில் போய் வீடு வீடாக ரத்தம் எடுத்து வருவார்கள். பழைய சந்தைக்குப் பின்னால் இருக்கும் சந்துகளில் மட்டும் ஸ்கூட்டர் நுழைந்தால் திரும்பாது. அந்தச் சுற்று முழுக்க அவளுடையது. கேரியரில் மாதிரிப் பெட்டியைக் கட்டிக்கொண்டு விடியற்காலையில் கிளம்புவாள். சந்தில் இருப்பவர்கள் வெறும் வயிற்றோடு கதவைத் திறந்து வைத்துக் காத்திருப்பார்கள். ஊசி போனது தெரியாத கை என்று பெயர். சந்துக்காரர்கள் அவளை ரத்தக்காரம்மா என்பார்கள். கேட்பதற்குப் பயங்கரமாக இருக்கும், கூப்பிடுவதோ அவ்வளவு பிரியமாக. அவளுக்கு அந்தச் சுற்று என்றால் உயிர். உள்வேலை என்று ஒன்று இருந்தது. சன்னல் இல்லாத பின்னறையில் உட்கார்ந்து குழாய்களுக்குச் சீட்டு ஒட்டுவது. "என்னை அதுல போட்டா நான் ஒரே மாசத்துல ஊசிப்போயிடுவேன்" என்று அடிக்கடி சொல்வாள்.

அவளுடைய சைக்கிள்தான் கழட்டிக்கு உறுத்தல். பெயின்ட் உரிந்து, செயின் கவர் ஆடி, தெருமுனையில் வரும்போதே கடகடவென்று அறிவிப்பு கொடுத்துவிட்டு வரும்.

"ஊரே என் சைக்கிளப் பாத்து வாயப் பொளக்குது. என் பொண்டாட்டி பழைய இரும்புக்கடைய ஓட்டிட்டுப் போறா. எனக்கு மானம் போகுது."

"அவ்ளோ லேசா போற மானம்னா போகட்டும் விடுங்க. அத மட்டும் தொடாதீங்க."

"ஒரே ஒரு ஓவராயில்."

"தொடாதீங்கன்னா தொடாதீங்க."

இதை அவன் நாணம் என்று எடுத்துக்கொண்டான். தனக்கென்று எதையும் கேட்கத் தெரியாத பெண், நாமாகப் பார்த்துச் செய்தால்தான் உண்டு என்று நண்பர்களிடம் சொல்லவும் செய்தான். வேண்டாம் என்ற சொல்லுக்கு வேண்டாம் என்றுதான் அர்த்தம் என்பது அவனுக்குத் தோன்றவே இல்லை.

அவள் தங்கைக்குப் பிரசவம் என்று ஒருவாரம் வெளியூர் போனாள். போன மறுநாளே சைக்கிள் மொட்டைமாடியில் தலைகீழாக நின்றது.

முதலில் சீட்டைப் பார்த்தான். அவள் உயரத்துக்கு அது ரொம்ப ஏற்றி வைக்கப்பட்டிருந்தது. குள்ளச்சிக்கு எதற்கு இவ்வளவு உசரம், எவனோ தெரியாதவன் ஏற்றி விட்டிருக்கிறான் என்று சிரித்துக்கொண்டே இறக்கினான். பெடல்களைக் கழற்றினான். இடது பெடலின் ரப்பர் வழவழவென்று தேய்ந்து கம்பி தெரிந்தது. வலது பெடலில் ஓரம் மட்டும் லேசாக மழுங்கி, நடுவில் வரிகள் அப்படியே இருந்தன. செருப்பு கோணல் என்று முடிவு கட்டினான். ஃப்ரீவீலைப் பிரித்தான். உள்ளே பல்லைக் கவ்விப் பிடிக்கிற இரண்டு சின்ன நாக்குகளும் முனை மழுங்கிப் போயிருந்தன. முன்னுக்கும் பின்னுக்குமாக நாளெல்லாம் ஆட்டினால் மட்டுமே அப்படித் தேயும். வேறு யாருடைய சைக்கிளாகவாவது இருந்திருந்தால் உட்கார்ந்து யோசித்திருப்பான். "மட்டமான இரும்பு" என்று சொல்லி, பட்டறைக்குக் கொண்டுபோய்ப் பழைய இரும்புத் தொட்டியில் போட்டான்.

பிறகு அவன் உழைத்த உழைப்பை நான் குறை சொல்ல மாட்டேன். பெடல் தண்டை அச்சோடு இறுக்கும் காட்டர் பின்னைத் தட்டி எடுத்து, அச்சைப் பிரித்து, குண்டுகளை மண்ணெண்ணெயில் கழுவி, புது கிரீஸ் வைத்தான். ஃப்ரேமைப் பளபளவென்று தேய்த்து, அவளுக்குப் பிடித்த மயில்கழுத்து நிறத்தில் பெயின்ட் அடித்தான். மாதிரிப் பெட்டிக்காக முன்பக்கம் மெல்லிய குழாயில் தனியாக ஒரு தாங்கி செய்தான். பல்சக்கரத்தை மதிய உணவு நேரத்தில் லேத்தில் கடைந்தான். பூட்டினான். முன்பக்க பிரேக் ஒன்று போதும் என்று பின்பக்கத்தது போயிற்று. ஞாயிற்றுக்கிழமை கும்பலுக்குக் காட்டினான். ஒருவன் ஒரு விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு, "அண்ணே, இது சைக்கிள் இல்ல, நகை" என்றான். கழட்டிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

வீட்டில் நிறுத்தி வைத்து, அவள் வந்ததும் காட்டியிருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் விஷயம் நாலு சுவருக்குள் முடிந்திருக்கும். ஆனால் பார்க்க ஆளில்லாமல் பரிசு கொடுத்தால் அது பரிசா? அவள் ஊரிலிருந்து திரும்பி நேரே வேலைக்குப் போகிற காலை, சைக்கிளை உருட்டிக்கொண்டு பரிசோதனை நிலையத்தின் முற்றத்துக்கே போய்விட்டான்.

ஸ்கூட்டர்கள் கிளம்புகிற நேரம். ஊழியர்கள் எல்லாரும் சூழ்ந்துகொண்டார்கள். "அண்ணே, எனக்கும் ஒண்ணு இதுமாதிரி" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். மேனேஜர் கையில் டீயோடு படியில் வந்து நின்றார். நல்ல மனிதர், யாரையும் அதட்டிப் பேசாதவர். அப்போது அவள் கையில் பையோடு வாசலில் நுழைந்தாள். சைக்கிளைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். சந்தோஷத்தில் வாயடைத்துப் போய்விட்டது என்று அவன் நினைத்தான்.

"எப்பிடி?" என்றான்.

"நல்லா இருக்கு" என்றாள். கண் சீட்டின் மேலேயே இருந்தது. "சாயங்காலம் வீட்ல வச்சு ஓட்டிப் பாக்கறேன். இன்னைக்கு நடந்தே போயிடறேன்."

"நடந்து போறதுக்கா ஒருவாரம் உக்காந்து செஞ்சேன்? ஏறு."

"அக்கா, ஒரே ஒரு ரவுண்டு" என்றாள் கவுன்ட்டரில் இருக்கும் பெண். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். மேனேஜர்கூட, "பாவம், ஆசையா கொண்டாந்திருக்காருல்ல" என்றார்.

அதற்குமேல் மறுத்தால் ஏன் என்று கேட்பார்கள். அவள் பையைக் கீழே வைத்தாள். சைக்கிளைச் சாய்த்து, வலது காலை விறைப்பாக வீசி ஏறி, இடது காலால் ஒரு மிதி மிதித்தாள். வழக்கப்படி பெடலை நிறுத்திப் பின்னால் கொண்டுவரப் பார்த்தாள். அது நிற்கவில்லை. வண்டி ஓடியது, பெடலும் ஓடியது.

"என்னங்க, பெடல் நிக்க மாட்டேங்குது."

"நிக்காது" என்றான் அவன், கூட்டத்தின் பக்கம் திரும்பி, முகமெல்லாம் பல்லாக. "அதான் இதுல விசேஷமே."

வலது பெடல் மேலே வந்தது. அவள் முழங்கால் மேலே வரவில்லை. இடுப்பை ஒரு பக்கம் தூக்கி, உடம்பைச் சாய்த்து, எப்படியாவது அந்தச் சுற்றைக் கடக்கப் பார்த்தாள். காலை எடுத்துவிட்டாள். சுழன்று வந்த பெடல் கெண்டைக்காலில் அடித்தது. சைக்கிளோடு பக்கவாட்டில் சரிந்து சிமெண்ட் தரையில் விழுந்தாள்.

எல்லாரும் ஓடினார்கள். அடி பெரிதாக இல்லை, முழங்கையில் சிராய்ப்புதான். ஆனால் எழுந்திருக்க வேண்டுமே. கவுன்ட்டர் பெண் கையைக் கொடுத்து, "காலை மடக்கி ஊனுங்கக்கா" என்றாள். மடங்கவில்லை. வலது கால் பலகை மாதிரி நீண்டு கிடந்தது. அவள் இரண்டு கைகளையும் ஊன்றி, புரண்டு, இடது காலால் மட்டும் எழுந்தாள். அது பழகிய கைகால் எழுந்த விதம். அன்றைக்குத்தான் காலில் அடிபட்டவள் எழுந்த மாதிரி இல்லை. மேனேஜர் டீயைப் படியில் வைத்துவிட்டு இறங்கி வந்தார்.

"இந்தக் கால் எவ்ளோ நாளா இப்படி இருக்கு?"

அவள் ஆடையிலிருந்த தூசியைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

மனிதர் கத்தியிருந்தால் தேவலை. அவர் அன்பாகச் சொன்னார்: ரத்தத்தோடு சந்தில் விழுந்தால் அவளுக்கும் ஆபத்து, நிலையத்துக்கும் பொறுப்பு. இத்தனை நாள் கஷ்டப்பட்டது போதும். இனிமேல் உள்ளேயே சௌகரியமாக உட்கார்ந்து வேலை பார்க்கலாம். "உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்றார். அதை மறுத்துப் பேச அவளுக்கு ஒரு வழியும் இல்லை. ஒரு பெண் அவள் பையை எடுத்துக்கொண்டு பின்னறைக்கு அழைத்துப் போனாள். முற்றம் காலியாயிற்று. கழட்டி மட்டும் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு நின்றான். சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டியிடம்கூட அந்த நேரத்தில் யாரும் டீ வேண்டுமா என்று கேட்டிருக்க மாட்டார்கள். வாட்ச்மேன் அவனிடம் கேட்டார்.

அன்று மாலை அவள் அழுவாள், திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். அவள் சிராய்ப்புக்கு மருந்து போட்டுக்கொண்டு அடுப்பில் பாத்திரத்தை வைத்தாள்.

"முட்டி எப்போலேர்ந்து?" என்று கேட்டான்.

"ரெண்டு வருஷத்துக்கு மேல. மாடிப்படியில வழுக்கினேன் ஞாபகம் இருக்கா. அப்பறம் கொஞ்சம் கொஞ்சமா இறுகிடுச்சு. டாக்டர்ட்ட காட்டினேன். இவ்ளோதான் மடங்கும்னு சொல்லிட்டாரு."

"அப்ப எப்படி ஓட்டினே?"

"பாதிதான் மிதிப்பேன். இடது காலால ஒரு அமுக்கு, வலது காலால பெடலப் பின்னால கொஞ்சம் தட்டினா இடது பெடல் மறுபடி மேல வந்துரும். மறுபடி ஒரு அமுக்கு. தையல் மெஷின் மிதிக்கிற மாதிரி. சீட்ட ஏத்தி வச்சிட்டா வலிக்காது."

அவனுக்கு இடது பெடல் கண்ணில் வந்து நின்றது. மழுங்கிய அந்த இரண்டு நாக்குகளும் வந்தன. ஒவ்வொன்றும் விஷயத்தைக் கத்திச் சொல்லியிருக்கின்றன. செருப்பு கோணல், மட்டமான இரும்பு என்று பெரிய மேதாவி போலத் தீர்ப்பு எழுதியிருக்கிறான். அதோடு போகவில்லை. கட்டிலை உயர்த்திக் கொடுங்கள், எலி ஏறுகிறது என்று ஒருநாள் கேட்டாளே. உடனே லேத்தில் நாலு கால் கடைந்து, கீழே ரப்பர் வைத்து மாட்டிக் கொடுத்து, அக்கம்பக்கத்தில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினான். உயரமான கட்டிலில் எலி ஏறாது என்று எந்த எலி அவனிடம் சொன்னது? கீழ் அலமாரியில் இருந்த பாத்திரங்கள் எல்லாம் மேலே போனபோது, "மகாராணிக்குக் குனிய முடியாதோ" என்று கிண்டல் வேறு செய்தான். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

அவள் தீயைக் குறைத்துவிட்டுத் திரும்பினாள். "சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

"சரி பண்ணியிருப்பேன்."

"அதான் சொல்லல. நீங்க எதையாச்சும் அது இருக்கிறபடியே விட்டிருக்கீங்களா? எனக்கு ஒரு கம்பி மாட்டுவீங்க, வண்டிக்கு இன்னொரு சக்கரம் மாட்டுவீங்க. பாக்கறவங்கல்லாம் என்னன்னு கேப்பாங்க. லேபுக்குத் தெரிஞ்சிரும். அந்தச் சைக்கிள் எனக்கு ஓடிச்சுங்க. அது போதுமா இருந்துச்சு."

அவள் குரலில் கோபம் இல்லை. அவன் தட்டைப் பார்த்தபடியே சாப்பிட்டான்.

அவனால் சும்மா இருக்க முடியுமா? மறுநாளே பட்டறைத் தொட்டியைக் கவிழ்த்துத் தேடினான். பழைய ஃப்ரீவீல் இரும்போடு இரும்பாகப் போய்விட்டிருந்தது. புதிது ஒன்று போட்டான், பின்பிரேக்கை மாட்டினான், சீட்டைப் பழைய உயரத்துக்கு ஏற்றினான். ஆளில்லாத தெருவில் வலது காலை விறைத்துக்கொண்டு அவளைப் போலவே ஓட்டிப் பார்த்தான். பத்தடி போவதற்குள் இடுப்பு பிடித்துக்கொண்டது. இதை அவள் இரண்டு வருடம், வளைந்து நெளிந்த சந்துகளில், கண்ணாடிக் குழாய்களோடு ஓட்டியிருக்கிறாள். கும்பலில் ஒருத்தன்கூட அதைச் செய்ய மாட்டான். அவன் இறங்கி வண்டியை வீடுவரை உருட்டிக்கொண்டே வந்தான்.

மேனேஜரிடம் போனான். தப்பு தன்னுடையது, அவள் நன்றாக ஓட்டுவாள், வண்டியைப் பழையபடி ஆக்கிவிட்டேன் என்று கெஞ்சினான். மேனேஜர் உட்காரச் சொல்லி முழுவதையும் கேட்டார். "தெரியாம இருந்தவரைக்கும் சரிங்க. இப்ப என் கண்ணாலயே பாத்துட்டேனே. நாளைக்கு ஏதாச்சும் ஆனா நான் பதில் சொல்லணும்ல?" என்றார். அதில் தப்பு சொல்ல என்ன இருக்கிறது?

கடைசியாக ஒரு யோசனை தோன்றியது. சந்துக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து வந்து அவள்தான் வேண்டும் என்று கேட்டால் மேனேஜர் இளகுவார். அவளிடம் சொல்லவில்லை. இதிலும் அவன் அவளைக் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒரு காலையில் மயில்கழுத்துச் சைக்கிளை உருட்டிக்கொண்டு பழைய சந்தைக்குப் பின்னால் போனான். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அந்தச் சந்துக்குள் அவன் வந்ததே இல்லை.

சந்து அவன் நினைத்ததைவிடக் குறுகல். பல வீடுகளின் வாசலில், படிக்குப் பக்கத்தில், செங்கல் அடுக்கிச் சிமெண்ட் பூசிய சின்ன மேடை ஒன்று இருந்தது. ஒரு கால் வைக்கத்தான் இடம் இருக்கும். எதற்கென்று அவனுக்குப் புரியவில்லை. ஒரு வீட்டு வாசலில் வயதான தையல்காரர் ஒருவர் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து சட்டைக் காலரைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"இது என்னங்க, வாசலுக்கு வாசல் மேடை?"

"அதுவா. ரத்தக்காரம்மா சைக்கிள்லேர்ந்து எறங்கறதுக்கு. அதுக்கு ஒரு கால் மடங்காது. இங்க காலை ஊனிக்கிட்டா அலுங்காம எறங்கிரும். நான்தான் மொதல்ல போட்டேன், அப்பறம் ஆளாளுக்குப் போட்டாங்க."

"உங்களுக்கெல்லாம் தெரியுமா?"

"இந்தச் சந்துக்கே தெரியும். லேபுல தெரிஞ்சா உள்ள ஒக்கார வச்சிருவாங்கன்னு நாங்க யாரும் மூச்சு விடல. இப்ப பாருங்க, எல்லாம் வீணாப் போச்சு." கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "அதுவே எல்லாருக்கும் போன் பண்ணி இனிமே வர மாட்டேன்னு சொல்லிச்சு. வண்டியக் கடையில குடுத்துச்சாம். கடைக்காரன் எவனோ ஏதோ மாத்திப் பூட்டிட்டானாம். விழுந்துருச்சு."

"கடைக்காரனா?"

"ஆமா தம்பி. எந்தக் கடை சொல்லு, போய் நாலு கேள்வி கேக்கறேன்னேன். 'வேணாங்க, ரொம்ப நல்ல வேலைக்காரன், கெட்ட எண்ணம் இல்ல, என்னமோ நடந்துருச்சு'ன்னு அவனுக்கும் அதுவே பரிஞ்சு பேசுது." அவர் தலையை ஆட்டிக்கொண்டார். "ஒண்ணுதான் எனக்குப் புரியல. அதோட வீட்டுக்காரருக்குச் சைக்கிள் வேலை அத்துப்படியாம். கையில எது குடுத்தாலும் ஓட வச்சிருவாராம். ஊசி குத்தறப்பல்லாம் அவரைப் பத்தித்தான் பேசும், நமக்கு வலி தெரியக் கூடாதுன்னு. அப்பேர்ப்பட்ட ஆளை வீட்ல வச்சுக்கிட்டு எதுக்குக் கடைக்காரன்கிட்டப் போச்சோ."

கழட்டியின் முகம் எரிந்தது. நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு மேனேஜரைப் பார்க்க வேண்டும் என்று வந்தவனுக்கு வாயே வரவில்லை. அவர்கள் வருவார்கள், எல்லாரும் வருவார்கள். வந்தால் முற்றத்தில் யார் எதைப் பூட்டியது என்று அங்கேயே தெரிந்துவிடும். அவள் கட்டிக் காத்த பொய் உடையும். பொய் அவனுக்காகச் சொன்னது. ஒரு கணம் அவனுக்கு அவள் வேலையைவிடத் தன் முகம் பெரிதாகப் போய்விட்டது. அந்தக் கணத்துக்காக அவன் பிறகு பட்ட வெட்கம் சைக்கிளுக்காகப் பட்டதைவிட அதிகம்.

"நீங்க யாரு தம்பி, யாரைப் பாக்கணும்?"

"இல்லைங்க. வழி தவறி வந்துட்டேன்."

"வண்டி நல்லாருக்கு" என்றார் தையல்காரர், சைக்கிளைப் பார்த்து. அவன் அதைத் திருப்ப முயன்றான். சந்தில் திருப்ப இடமில்லை. கடைசிவரை பின்பக்கமாகவே உருட்டிக்கொண்டு வந்தான்.

அன்று மாலை அவள் பின்னறை வேலை முடிந்து வந்து, உயர்த்திய கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள். விரல் நுனிகளில் சீட்டுப் பசை காய்ந்து தோலாக நின்றது. அதை உரித்துக்கொண்டிருந்தாள். அவன் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"இன்னைக்கு உன் சந்துக்குப் போயிருந்தேன்."

உரித்துக்கொண்டிருந்த கை நின்றது. "யாரைப் பாத்தீங்க?"

"தையல்காரரை. மேனேஜர்ட்ட வந்து பேசச் சொல்லலாம்னு போனேன். கேக்கல. வாய் வரல."

"நீங்க யாருன்னு சொன்னீங்களா?"

"இல்ல."

"நானும் சொல்லல" என்றாள்.

அவன் அவளைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தான். "நாளைக்குப் போய்ச் சொல்றேன். அந்தக் கடைக்காரன் நான்தான்னு சொல்லிட்டு, கூட்டிட்டு வரேன்" என்றான். சொல்லிவிட்டு, வழக்கமில்லாத வழக்கமாக, "வரட்டுமா? உனக்குச் சம்மதமா?" என்று கேட்டான்.

"வேணாம்" என்றாள். "மேனேஜர் கேக்க மாட்டாரு. அவங்க வீணா அலைவாங்க." கொஞ்சம் பொறுத்து, "நீங்க சொல்லணும்னா சொல்லிக்கோங்க. எனக்காக இல்ல" என்றாள்.

அவன் தலையாட்டினான். அவள் மறுபடி பசையை உரிக்கத் தொடங்கினாள். இரண்டு வருடத்தில் அந்த வீட்டில் ஒருமுறைகூடக் கேட்கப்படாத கேள்வியை அவன் கேட்டான்.

"முட்டி எப்படி இருக்கு? வலிக்குதா?"

"வலிக்குது."

அவன் சட்டென்று எழுந்தான். வெந்நீர்ப் பையா, தைலமா, எதையாவது தேடி எடுக்கக் கை பரபரத்தது.

"உக்காருங்க" என்றாள். "ஒண்ணும் பண்ண வேணாம். கேட்டீங்கல்ல, சொல்றேன்." அவன் உட்கார்ந்தான். அவள் முழங்காலைத் தடவிக்கொண்டு சொன்னாள். "ராத்திரி புரண்டு படுத்தா வலிக்கும். மழைன்னா வலிக்கும். எல்லாத்தையும்விட, காலையில நம்ம மாடிப்படி எறங்கறப்பதான் உசிரு போயிடும். ஒவ்வொரு படியா சுவத்தப் பிடிச்சுக்கிட்டு எறங்குவேன்."

அந்தப் படியில் தினமும் அவளுக்கு முன்னால் குதித்து இறங்கிப்போய், கீழே நின்றுகொண்டு, "இன்னும் என்ன பண்ற, சீக்கிரம் வா" என்று கத்துகிறவன் அவன்தான்.